இடது கட்டைவிரல்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னை வெளியே கூட்டிப்போன இடங்களை எண்ண ஒரு கை விரல் போதும். இருக்கன்குடி கோயிலுக்கு இரண்டு தடவை, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தடவை, மகளை நர்சிங் காலேஜில் சேர்க்க ஒரு தடவை. அப்படிப்பட்ட மனுஷர் போன புதன்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "நாளைக்கு அருப்புக்கோட்டையில பொருட்காட்சிக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, மாட்டைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் இல்லாமல் இல்லை. எனக்கென்று இந்த உலகத்தில் இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் கரிசல் இருக்கிறது. என் அப்பா மஞ்சக்காணியாக எழுதிவைத்தது. மகளுக்கென்று பிறந்த வீட்டில் கொடுக்கிற நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு வருஷம் பருத்தி போடுவேன், ஒரு வருஷம் குதிரைவாலி. மழை ஏமாற்றினால் வெறும் மண். ஆனாலும் என் மண். ஒன்றரை வருஷமாக ஒரு சோலார் கம்பெனி எங்கள் ஊரைச் சுற்றி நிலங்களை வாங்கிக் குவிக்கிறது. எம்.ரெட்டியபட்டி ரோடு வரைக்கும் இப்போது கறுப்புத் தகடுகள்தான். என் புஞ்சையின் மூன்று பக்கமும் வேலி போட்டாகிவிட்டது. நடுவில் என் பருத்தி மட்டும் நிற்கிறது.

கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுப்பது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் பூமிநாதன். என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டி நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி மாட்டை அதட்டுவார். அண்ணன் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்கு இறங்கிவிடும். அண்ணன் எதிரே உட்காரமாட்டார். அண்ணன் என்ன சொன்னாலும் அவருக்கு வருகிற ஒரே பதில் "சரிண்ணே". எருமையை விற்றுவிடு என்றபோதும் சரிண்ணே, வாய்க்கால் வரப்பை அண்ணன் ஒரு முழம் தள்ளி வெட்டியபோதும் சரிண்ணே.

நான் அந்தப் பெரிய மச்சானிடம் இன்றுவரை ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. புருஷனின் அண்ணன் எதிரே நிற்பதும் பேசுவதும் எங்கள் வழக்கத்தில் இல்லை. அவர் வந்தால் நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அவரும் என்னிடம் நேராக எதையும் சொல்லமாட்டார். "பாண்டி, காபி நல்லாருக்குன்னு சொல்லு" என்பார். இரண்டு எட்டுத் தள்ளி நிற்கிற எனக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "காபி நல்லாருக்காம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

போன மாசம் அவர் வந்தபோது சுவரோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, உம் பொண்டாட்டி புஞ்சைய முடிச்சுக் குடுத்துரணும். நடுவுல துருத்திக்கிட்டு நிக்கிது. கம்பெனிக்காரக கிட்ட நான் வாக்குக் குடுத்துட்டேன். அவகிட்ட முன்னாடியே சொல்லித் தொலைக்காத, அழுது ஊரைக் கூட்டிருவா. டவுனுக்கு எதையாச்சும் சொல்லிக் கூட்டிட்டு வா. பத்திர ஆபீஸ்ல வச்சு நான் பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று காதை இன்னும் அழுத்தினேன்.

"சரிண்ணே" என்றார்.

அதற்கு அடுத்த மாசம்தான் இந்தப் பொருட்காட்சி.

வியாழக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பத்திரம் இருந்தது. என் ஆதார் கார்டு இல்லை. அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையைத் தடவினேன், உள்ளே கெட்டியாக இருந்தது. அங்கேயே பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன, இன்றைக்கு இல்லையென்றால் இன்னொரு நாள் ஆஸ்பத்திரி என்பார், கல்யாண வீடு என்பார். பத்திர ஆபீஸில் அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், பேசாத பெரிய மச்சான் எதிரே, "நான் தரமாட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக்குள் எவ்வளவு வாய் அடித்தாலும் வெளியே நான் அவ்வளவுதான். எனக்கு என்னைத் தெரியும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தாலும் பத்திர ஆபீஸில் இடது கட்டைவிரல் ரேகையை வைத்தே ஆகவேண்டும். விரலே இல்லையென்றால்? மஞ்சளைக் குழைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்தேன். ஆலத்தித் தண்ணீர் மாதிரி செக்கச்செவேல் என்று வந்தது. அவருடைய பழைய வேட்டியில் ஒரு கிழிசலை எடுத்து அதில் தோய்த்து, இடது கட்டைவிரலில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். பத்திரத்தைக் கம்பு டிரம்மின் அடியில் புதைத்தேன்.

குளித்துவிட்டு வந்தவர் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"அருவாமணை பட்டிருச்சு. ஆழமா."

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"வேணாம். பொருட்காட்சிக்கே போவோம்."

அவர் தலையைத் துவட்டி முடித்தார். பிறகு, "சரி, அந்த ஊதாச் சேலையக் கட்டிக்க" என்றார். நான் எந்தச் சேலை கட்டுகிறேன் என்று அவர் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. சந்தேகம் இன்னும் ஒரு பிடி கூடியது.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். மே மாச வெயில் காலை ஒன்பது மணிக்கே கண்ணைக் கூசியது. என் புஞ்சையைத் தாண்டும்போது இருவருமே அந்தப் பக்கம் பார்த்தோம். அதன்பிறகு அவர் வெளியே பார்க்கவில்லை. அருப்புக்கோட்டை வரைக்கும் என் மடியில் கிடந்த விரல் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று கணக்குப் போடுகிறார், போடட்டும் என்று நானும் கையை மறைக்காமல் வைத்துக்கொண்டேன்.

பொருட்காட்சி பாளையம்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு பெரிய மைதானத்தில். வியாபாரிகள் சேர்ந்து வருஷா வருஷம் கோடை லீவில் போடுவது. வாசலில் அட்டையால் செய்த கோட்டை, உள்ளே நுழைந்ததும் எதை எடுத்தாலும் முப்பது ரூபாய்க் கடைகள், அதைத் தாண்டி அப்பளக்கடை, பேய் வீடு, மோட்டார் சைக்கிள் சுற்றுகிற மரணக்கிணறு, கடைசியில் ராட்டினம். தகரக் கொட்டகைக்குள் காற்றாடி சுற்றிச் சூடான காற்றை இறைத்தது. ஒலிபெருக்கியில் ஒருவன் விடாமல் கத்திக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். நன்னாரி சர்பத் வாங்கி, "ஒத்தக் கையால புடிக்க முடியாது, குடு" என்று தானே டம்ளரைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் டப்பா பார்த்தேன், வாங்கிக்க என்றார். வளையலைப் பார்த்தேன், வாங்கிக்க என்றார். விலையைக் கேட்கவே இல்லை. வெண்டைக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிச் சந்தையில் அரைமணி நேரம் நிற்கிற ஆள்! பலி கொடுக்கப்போகிற கிடாய்க்குத்தான் மஞ்சள் தண்ணீர் தெளித்து மாலை போடுவார்கள். நான் வளையலைத் திருப்பி வைத்துவிட்டேன்.

"ஏன், புடிக்கலயா?"

"இன்னைக்கு என்ன, ரொம்பத்தான் பாசம் பொங்குது?"

"சும்மாதான்" என்றார். மறுபடியும் என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும், அவருடைய பட்டன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'அண்ணன்' என்று இருந்தது. அவர் எடுத்துப் பேசவில்லை. சத்தத்தை மட்டும் அமுக்கிவிட்டுப் பையில் போட்டார். என் எதிரே பேசமாட்டாராம்! கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஒரு மணிக்கு மறுபடி அடித்தது. ஒன்றரைக்கு இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் மணியைப் பார்த்தார். எதற்கோ நேரம் குறித்திருக்கிறார்கள், அந்த நேரம் வருவதற்குக் காத்திருக்கிறார் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது தயிர்சாதத்தைப் பிசைந்து கொடுத்தார். எனக்கு வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லவும் தோன்றவில்லை. அவர் நீட்டிய உருண்டையை வாயில் வாங்கினேன். இருபத்திரண்டு வருஷமாக ஏங்கியது இப்படி ஒரு நாளுக்குத்தான். அது வந்த நாளில் எனக்கு அதை அனுபவிக்க விதியில்லை. கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். தயிர்சாதத்தில் ஏது காரம்?

இரண்டரைக்குச் சுகாதாரத்துறைக் கடைப்பக்கம் போனோம். மேஜை போட்டு மூன்று நர்சுகள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவளுக்கு விரல்ல வெட்டு. கொஞ்சம் பாருங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு உயிரே போய்விட்டது. ஆக, காயம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, ரேகை விழுமா என்று முடிவு செய்யப்போகிறார்!

அமுதவள்ளி என்று பெயர் குத்தியிருந்த நர்ஸ் என் கையைப் பிடித்தாள். "கட்டை அவுங்கக்கா. தையல் போடணுமான்னு பாப்போம்."

"வேணாம். தொட்டா உசுரு போகுது."

"இப்படியே விட்டா சீழ் வச்சிரும். எப்ப பட்டுச்சு?"

"காலையில."

அவள் துணியை உற்றுப் பார்த்தாள். மூக்கின் கிட்டக் கொண்டுபோனாள். என் முகத்தைப் பார்த்தாள். மகள் வயதுதான் இருக்கும். கையை மெதுவாகத் திருப்பி என் மடியில் வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போயி நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்கக்கா, சரியாப் போயிரும்" என்றாள். எனக்குக் காது சுட்டது.

"ஊசி போடணுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"வேணாம்ணே. இதுக்கு ஊசி கிடையாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒன்றும் விளங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வா, ராட்டினத்துல ஏறுவோம்" என்றார்.

இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற ஆள் அவர். தென்னை மரத்தில் ஏறத் தெரியாது, மச்சுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அந்த ஆள் மூன்று மணிக்கு ராட்டினத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். கண்ணை இறுக மூடியிருந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இறங்கியதும் கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா போவோம்" என்றார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நல்லாத்தான இருக்கு. வா."

இரண்டாவது தடவை ராட்டினத்தில் ஆள் சேரட்டும் என்று உச்சியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரிந்தது. தெற்கே வெகுதூரத்தில், வெயிலில் தண்ணீர் மாதிரி ஏதோ பளபளத்தது. கண்மாய் என்று நினைத்தேன். இந்த மாசத்தில் எந்தக் கண்மாயில் தண்ணீர்? கறுப்புத் தகடுகள். அந்தப் பளபளப்புக்கு நடுவில்தான் எங்கேயோ என் புஞ்சை இருக்கவேண்டும்.

அப்போது ஒலிபெருக்கியில் அந்த ஆள் கத்துவதை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னான்: "எம்.ரெட்டியபட்டி பக்கமிருந்து வந்திருக்கும் சுந்தரபாண்டி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரவும். தங்கள் அண்ணன் பூமிநாதன் அவர்கள் நீண்ட நேரமாகக் காத்திருக்கிறார்."

ஆக, எல்லாம் நிஜம். நான் நினைத்தது ஒன்றுகூடப் பிசகவில்லை. "என்னங்க, பெரிய மச்சான் கூப்பிடுதாகளே, போகலயா?" என்றேன். என் குரல் எனக்கே கசப்பாக இருந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "காதுல விழுகல" என்றார்.

"ஊருக்கே விழுகுது."

"எனக்கு விழுகல."

இறங்கியதும் என்னைக் கேட்காமலே ஓர் அப்பளத்தை வாங்கி என் வலது கையில் திணித்தார். சாப்பாட்டுத் தட்டுப் பெரிய அப்பளம். திணித்துவிட்டு மூன்றாவது தடவை ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கினார். மணி நாலரை. ஒலிபெருக்கியில் பெயர் மறுபடியும் வந்தது. ராட்டினம் மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போயிற்று. அப்போதுதான் நான் பார்த்தேன். கீழே, டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டி சட்டையில் பெரிய மச்சான் நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாக" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். ராட்டினம் மெதுவாக இறங்கியது. வெள்ளை வேட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. என் வீட்டுக்காரரின் கை தானாகவே தோள் துண்டுக்குப் போயிற்று. கக்கத்துக்கு இறக்கிவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கியதும் நான் வழக்கப்படி ஒதுங்கி, ராட்டினத்துக் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். பெரிய மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கும் எனக்கும் நடுவே பத்தடி.

"ஏலே பாண்டி, எத்தன தடவ போன் போடுறது? பொருட்காட்சிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வாரேன்னுதான சொன்ன? டோக்கன் நாலு மணிக்குடா. ஆபீசர் கையக் காலப் புடிச்சு அஞ்சு வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கேன். கார் வாசல்ல நிக்கிது. ஆதார் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேண்ணே."

"கிளம்பு. அவள வரச் சொல்லு."

என் வீட்டுக்காரர் அசையவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்கு விரல்ல காயம்ணே" என்றார்.

"எந்த விரல்ல?"

"இடது கட்டவிரல்ல."

பெரிய மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "பொருத்தமா பட்டிருக்கே! கட்டை அவுத்துக் காட்டச் சொல்லு. நான் பாக்குறேன்."

பத்தடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொல்லலாம், கிட்டே வந்து என் கையைத் தொட முடியாது. தம்பி பெண்டாட்டியின் நிழலை மிதிக்கவும் யோசிக்கிற மனுஷர். ஆனால் அதற்குத்தான் தம்பி இருக்கிறாரே. என் வீட்டுக்காரர் திரும்பி என்னிடம் வந்தார். என் இடது கையைத் தூக்கிப் பிடித்தார். முடிச்சைத் தேடினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவிழ்த்துவிட்டால் உள்ளே ஒரு கீறல்கூடக் கிடையாது. புளுகிய பெண்டாட்டி என்று ஊரெல்லாம் சிரிப்பார்கள். நிலமும் போகும், மானமும் போகும். "வேணாங்க" என்று உதட்டுக்குள் சொன்னேன்.

முடிச்சு அவர் விரலுக்குக் கிடைத்தது. அதைப் பிடித்தார். அவிழ்க்கவில்லை. இரண்டு முனையையும் இழுத்து இன்னும் இறுக்கினார். மேலே ஒரு முடிச்சும் போட்டார்.

"அவுக்க முடியாதுண்ணே. காயம் பெருசு" என்றார், அண்ணன் பக்கம் திரும்பாமலேயே.

பெரிய மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி விடு. இடது இல்லாட்டி வலது. சட்டத்துல இடம் இருக்கு. ஆபீசர்ட்ட நான் சொல்லிக்கிறேன். கிளம்பு."

"வலது கையிலயும் காயம்ணே."

என் வலது கையில் அந்தப் பெரிய அப்பளம் முழுசாக இருந்தது. மிளகாய்ப்பொடி தூவிய அப்பளம். ராட்டினக்காரன், டிக்கெட் கொடுப்பவன், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் வலது கையைப் பார்த்தார்கள். பெரிய மச்சானும் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். நான் அப்பளத்தைக் கீழே போடவில்லை.

"பாண்டி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எப்ப ஆறும்?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். அந்தப் பழைய சொல் வந்துவிடுமோ என்று நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இது ஆறாதுண்ணே" என்றார்.

"ஆறாதா?"

"ஆறாதுண்ணே. ரெண்டு கையும்."

பெரிய மச்சான், "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்கிறேன். எம் படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அவர் முதுகு கூட்டத்தில் மறைகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் வைத்தபடியே நின்றார். மறைந்ததும் கம்பத்துக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். ராட்டினமா, அண்ணனா, எது அந்த வேலையைச் செய்தது என்று தெரியவில்லை. சோடா வாங்கிக் கொடுத்து முகத்தைத் துடைத்துவிட்டேன்.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் திரும்பினோம். வெயில் இன்னும் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து என் ஆதாரை எடுத்து மடியில் போட்டார்.

"நீயே வச்சுக்க."

"எடுத்துட்டுத்தான வந்தீக?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எடுத்தேன். அண்ணன் எடுத்துட்டு வரச் சொன்னாக, எடுத்தேன். கூட்டிட்டு வரச் சொன்னாக, கூட்டிட்டு வந்தேன். வீட்ட விட்டுக் கிளம்புறப்ப என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியாது."

"அப்புறம்?"

"பஸ்ஸுல உன் விரலப் பாத்தேன். ரத்தம் காஞ்சா கறுக்கும் முனீசு. உன் துணி ஓரம் மஞ்சளாப் போச்சு." அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே ரொம்ப நாளாயிற்று. "மாடு மாதிரி உழைக்கிற கைய, எனக்குப் பயந்து இப்படிக் கட்டிக்கிட்டு வந்திருக்காளேன்னு இருந்துச்சு. அசிங்கமாப் போச்சு. அதுக்குமேல பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா நான் மனுசனா? அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அஞ்சு மணி தாண்டிருச்சுன்னா ஆபீஸப் பூட்டிருவாகன்னு, நர்சுகிட்டக் காட்டி நேரத்தக் கடத்தி..."

"அதான் ராட்டினமா?"

"மேல இருந்தா அவரால வர முடியாதுல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாள் முழுக்க நான் அவர்மீது சந்தேகப்பட்டது பாதி சரிதான். அந்த மீதிப் பாதியைத்தான் நான் பார்க்கவில்லை. அவர் ஊட்டிய தயிர்சாதம் நினைவுக்கு வந்தது.

"கட்டை அவுத்துரு. காத்துப் படட்டும்" என்றார்.

அவர் போட்ட முடிச்சு எனக்கு அவிழவில்லை. அவரே பல்லால் கடித்து அவிழ்த்தார். காலையிலிருந்து கட்டிவைத்த விரல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அதைத் தன் உள்ளங்கையில் வைத்து மெல்லத் தேய்த்துவிட்டார். பஸ் என் புஞ்சையைத் தாண்டியபோது வேலிக்கு நடுவில் பருத்தி நின்றது.

"நாளைக்கு ஆள் கூட்டிட்டு வீட்டுக்கே வந்தாகன்னா?" என்றேன்.

யோசித்தார். "பொருட்காட்சி ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கு" என்றார்.

"அதுக்கப்புறம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக நான் அந்தத் துணியைத் தூக்கி எறியப்போனேன். எறியவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.